உறங்குபவரின் உழைப்பு

கல்கத்தாவுக்கு வடக்கே, ஆற்றங்கரையில் இருக்கும் ஹூக்ளி நகரத்தில் 1845ஆம் ஆண்டு இரண்டு வைத்தியர்கள் சந்தித்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் எஸ்டெயில். ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவில் படித்துப் பட்டம் பெற்றவர், ஹூக்ளி இமாம்பரா மருத்துவமனையின் பொறுப்பாளர். மற்றவர் அந்த வட்டாரத்தில் பேர்போன மந்திரவாதி. அவர் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீரும், இரண்டு மூன்று இலைகள் ஒட்டியிருந்த ஒரு சிறு குச்சியும் கேட்டு வாங்கினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். விரலைத் தண்ணீரில் நனைத்து எதிரே இருந்தவரின் முகத்தில் தெறித்தார். பிறகு அந்த இலைகளால் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை மெல்ல வருடி இறக்கத் தொடங்கினார்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பயந்துபோன பிள்ளையை அந்தி நேரத்தில் மந்திரிக்கத் தூக்கிப் போவதும், வேப்பிலைக் கொத்தால் தலைமுதல் கால்வரை தடவி இறக்குவதும், திருநீறு பூசி நெற்றியில் ஊதுவதும், பள்ளிவாசல் வாசலில் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் பிள்ளையை நீட்டி ஓதச் சொல்வதும் தென்மாவட்டங்களில் இன்றைக்கும் உள்ள வழக்கங்கள். பிள்ளை அன்றிரவு நன்றாகத் தூங்கிவிடும். மறுநாள் தாய் நிம்மதியாகத் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ வேலைக்குப் போவாள்.

எஸ்டெயில் பார்த்த மாத்திரத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். தான் மருத்துவமனையில் கையசைத்து நோயாளிகளை உறங்கவைப்பதும் இந்த மந்திரவாதி செய்வதும் ஒன்றே என்றார். இரண்டிலும் ஒருவருடைய உடலிலிருந்து இன்னொருவருடைய உடலுக்கு ஏதோ ஒரு சக்தி பாய்கிறது என்பது அவர் நம்பிக்கை. இரண்டும் ஒன்று என்றதில் அவர் பிழை செய்யவில்லை. சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தவறினார். அந்தக் கேள்விக்கு வேறு ஒரு விடையை, அது அவர் கைக்கு எட்டும் முன்பே, ஒரு கோவாக்காரர் பாரிஸில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் பெயர் ஜோசே குஸ்தோதியோ டி ஃபாரியா. 1756இல் கோவாவின் கண்டோலிமில் பிறந்தவர். பதினைந்தாவது வயதில் தந்தையோடு லிஸ்பனுக்குக் கப்பல் ஏறி, ரோமில் படித்துப் பாதிரியாராகி, பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன்னால் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அலெக்சாந்தர் துயூமா தன் ‘மாண்டி கிறிஸ்டோ’ நாவலில் சிறைக்குள் அடைத்துவைத்த பாதிரியாருக்கு இவர் பெயரைத்தான் வைத்தார். நாவலைப் படித்தவர்களில் பலருக்கு உண்மையான ஃபாரியா ஓர் இந்தியர் என்பதே தெரியாது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் பாரிஸ் முழுக்க மெஸ்மர் பேச்சாகக் கிடந்தது. வியன்னாவிலிருந்து வந்த ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், உயிர்களின் உடலில் காந்தம் போன்ற ஒரு திரவம் ஓடுகிறது, அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய், அதைத் தன் கையசைவால் சீராக்க முடியும் என்றார். 1784இல் பிரெஞ்சு அரசர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் மேதை லவாசியே போன்றவர்கள் அதில் இருந்தார்கள். திரவமும் இல்லை காந்தமும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு சொல்லிவிட்டது. ‘கற்பனை’ என்று சொன்னதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்துபோயிற்று. ஃபாரியாவுக்கு அங்கேதான் தொடங்கியது. வெறும் கற்பனையால் ஒருவருக்கு வலி நிற்குமானால், அந்தக் கற்பனை எத்தனை பெரிய சக்தி!

1813இல் அவர் பாரிஸில் பொதுமக்கள் முன் செய்துகாட்டத் தொடங்கினார். மெஸ்மரைப்போலக் கையசைவு இல்லை, காந்தத் தொட்டி இல்லை. எதிரே இருப்பவரை நாற்காலியில் வசதியாக உட்காரவைத்து, கண்ணை மூடி மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்லி, உறுதியான குரலில் ‘தூங்குங்கள்’ என்பார். சிலர் உடனே ஆழ்ந்துவிடுவார்கள். சிலருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சிலரிடம் எதுவுமே நடக்காது. எல்லாரையும் தூங்கவைக்கும் சக்தி தன்னிடம் இருந்தால் எல்லாரும் ஒரேமாதிரி அல்லவா தூங்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை என்பதிலிருந்து ஃபாரியா தன் முடிவை எடுத்தார். செய்பவரிடமிருந்து எதுவும் புறப்படுவதில்லை, நடப்பதெல்லாம் உறங்குபவரின் மனத்துக்குள் நடக்கிறது, உறங்குபவரே அதைச் செய்கிறார். 1819இல் இந்தக் கருத்தோடு அவருடைய நூல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார். மேடை நடிகர்களும் பத்திரிகைகளும் செய்த கேலியே அவருக்குக் கடைசிவரை மிஞ்சியது. பணஜியில் மாண்டோவி ஆற்றங்கரைக்கு அருகே 1945இல் எழுப்பிய சிலை, படுத்திருக்கும் ஒரு பெண்ணின்மேல் அவர் கைகளை விரித்து நிற்பதாகக் காட்டுகிறது. கையில் ஒன்றுமில்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்னவருக்கு அப்படி ஒரு சிலை அமைந்தது வருத்தத்துக்குரியது.

எஸ்டெயிலின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. மெஸ்மரின் முறையான மெஸ்மெரிசத்தை யாரும் செய்ய அவர் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. 1845 ஏப்ரல் 4 அன்று விரைவீக்கத்துக்குச் சிகிச்சை பெற வந்த ஒரு கைதி வலியில் துடிப்பதைக் கண்டு, படித்ததைச் செய்து பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கைகளை அந்த மனிதரின் உடலுக்குச் சற்று மேலே கொண்டுபோய்க் கொண்டுவந்தார். கைதி உறங்கிப்போனார், ஊசியால் குத்தியும் அசையவில்லை. அடுத்த எட்டு மாதத்தில் வலியில்லாத அறுவைச் சிகிச்சைகள் 73 செய்ததாக எஸ்டெயில் கணக்குக் கொடுத்தார். அவற்றில் பல, யானைக்கால் நோயால் வந்த பெரிய கட்டிகளை அகற்றியவை. மயக்க மருந்து என்ற ஒன்றை உலகம் இன்னும் அறியாத காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் கனம் புரியும்.

1846இல் அரசு ஒரு குழுவை அமைத்து அவர் வேலையைப் பரிசோதித்தது. அதன்பிறகு கல்கத்தாவில் ஒரு சிறு மருத்துவமனையை ஓராண்டுக்கு அவரிடம் கொடுத்தது. அங்கே உண்மையில் யார் உழைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இருட்டாக்கிய அறையில், நோயாளிக்கு எதுவும் சொல்லாமல், மருத்துவமனையின் இந்திய உதவியாளர்கள் மணிக்கணக்கில், பல நாள், கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார்கள். வேர்த்துக் களைத்துப் போனார்கள். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதே எஸ்டெயிலின் முறை. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதரும், 1847இல் எடின்பரோவில் குளோரோஃபார்மும் வந்தபோது இந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை. சில நிமிடத்தில் குளோரோஃபார்ம் செய்துமுடிப்பதற்கு நாள்கணக்கில் எதற்குக் கையை ஆட்ட வேண்டும்? 1851இல் எஸ்டெயில் இந்தியாவைவிட்டுப் போனார். உழைப்பு முழுவதும் செய்பவர் தோளில் இருந்ததால்தான் அந்த வைத்தியம் அவரோடு போய்விட்டது. நோயாளிகள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே காலத்தில் மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர் 1841இல் ஒரு மேடைக் காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தானே சோதனை செய்யத் தொடங்கியவர். ஹிப்னாடிசம் என்ற சொல் பரவியது அவரால்தான். பளபளப்பான பொருள் ஒன்றை நோயாளி தானே உற்றுப் பார்த்தால் போதும், எதிரே இருப்பவரின் காந்தம் தேவையில்லை என்று காட்டினார். 1844இல் அவருக்கே கடுமையான வாதவலி வந்தது. மூச்சுவிடவும் திரும்பிப் படுக்கவும் முடியாத வலி. பிறருக்குச் செய்ததைத் தனக்கே செய்துகொண்டார், வலி தணிந்தது. செய்பவரும் உறங்குபவரும் ஒரே ஆளாக இருந்தும் பலித்தது என்பதைவிட ஃபாரியாவுக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

பிரான்சின் நான்சி நகரத்தில் இந்த எண்ணம் ஒரு மருத்துவ மரபாக வளர்ந்தது. லியேபோ என்ற மருத்துவர் ஏழைக் குடியானவர்களிடம் மருந்துக்குக் காசு வாங்குவார், ஹிப்னாடிசத்துக்கு வாங்க மாட்டார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் எமில் கூவே, மருந்துக்கடைக்காரர். கூவே கடைசியில் தூங்கவைப்பதையே விட்டுவிட்டார். நாள்தோறும் காலையிலும் இரவிலும் இருபது முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றைக் கையில் வைத்து, நாளுக்கு நாள் தேறிவருவதாக ஒரு சிறு வாக்கியத்தை இருபது முறை வாய்க்குள் சொல்லச் சொன்னார். ருத்திராட்சமோ தஸ்பீயோ ஜெபமாலையோ உருட்டிப் பழகியவர்களுக்கு இதில் புதுமை ஏதும் தெரியாது.

கூவேயிடம் முக்கியமான ஒரு நுட்பம் இருந்தது. முயற்சி வேண்டும் என்று சொன்னவர், முண்டுவது கூடாது என்றும் சொன்னார். தூக்கம் வராதவர் ‘தூங்கியே ஆக வேண்டும்’ என்று பல்லைக் கடித்தால் விடியவிடிய விழித்திருப்பார். தரையில் கிடக்கும் பலகைமேல் எவரும் நடந்துவிடலாம். அதே பலகையைக் கோபுர உயரத்தில் போட்டால் விழுந்துவிடுவோம் என்ற எண்ணமே தள்ளிவிடும் என்பது அவர் காட்டிய உதாரணம். ஆகவே இங்கே கேட்கப்படும் உழைப்பு வேறு வகை. அன்றாடம், அவசரமில்லாமல், பலன் வந்ததா என்று நொடிக்கு நொடி பார்க்காமல் செய்யும் பயிற்சி அது. ஹிப்னாடிசத்தால் செய்யும் சிகிச்சையான ஹிப்னோதெரபி பலிக்கவில்லை என்று கைவிடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒன்று, எதுவுமே செய்யாமல் காத்திருக்கிறார்கள். இல்லையென்றால் மனத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்வியை வேறு கோணத்திலிருந்து எழுப்பியவர் விவேகானந்தர். 1896இல் வந்த ‘ராஜயோகம்’ நூலில் ஹிப்னாடிசத்துக்கு எதிராகக் கடுமையாகவே எச்சரிக்கிறார். தன் மனத்தை இன்னொருவர் ஆள விடுகிறவன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வலிமையை இழக்கிறான், தானே தன்னை அடக்கப் பழகுவதே வழி என்பது அவர் வாதம். மேடையில் ஆட்டிவைக்கும் ஹிப்னாடிசத்தைப் பற்றிய அளவில் அவர் கவலை நியாயமானது. தானாகப் பயிலும் முறையை அவருடைய வாதம் தடுக்கவில்லை, உண்மையில் அதற்குத் துணைதான் நிற்கிறது.

அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் இந்தப் பேச்சு நெல்லைச் சீமைக்கே வந்துவிட்டது. திருநெல்வேலியில் ‘லேட்டன்ட் லைட் கல்ச்சர்’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் நடந்தது. டி. ஆர். சஞ்சீவி அதன் தலைவர். ‘கல்பகா’ என்ற ஆங்கில மாத இதழை வெளியிட்டார்கள். ஹிப்னாடிசம், மனவலிமை, மனத்தால் நோய் தீர்த்தல் என்று பாடங்களைத் தபாலில் அனுப்பினார்கள். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரியும்வரை சிவகாசி வட்டாரமே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. விஸ்வநத்தத்துக்காரர் கோர்ட்டு, கச்சேரி என்று போனால் போகும் ஊர் அது. அந்த ஊரின் தபால் பெட்டிக்கு வெளிநாட்டிலிருந்தும் கடிதம் வந்தது.

அந்தக் காலத்துத் தபால் பாடங்களைப் பற்றிக் கேலியாகப் பேசுவது எளிது. வசிய சக்தி, எதிரியை அடக்கும் பார்வை என்றெல்லாம் அவற்றின் விளம்பரங்கள் ஆசைகாட்டியது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்தது பெரும்பாலும் பயிற்சி: விடிகாலையில் எழுவது, மூச்சை எண்ணுவது, சுவரில் ஒரு கரும்புள்ளியை இமைக்காமல் பார்ப்பது, ஒரு வாக்கியத்தை மனத்தில் நிறுத்துவது. தபாலில் சக்தியை அனுப்ப முடியாது, பாடத்தைத்தான் அனுப்ப முடியும். அதனாலேயே தபால்வழிப் பயிற்சி மாணவரை உழைக்கச் சொன்னது. பிற்காலத்தில் திரைப்படங்களும் மேடை வித்தைக்காரர்களும் ஊசலாடும் கடிகாரத்தையும் முறைக்கும் கண்ணையும் மனத்தில் பதியவைத்து, அந்தப் பழைய உழைப்பை மறக்கடித்துவிட்டார்கள். தமிழில் ‘மனோவசியம்’ என்றதும் இன்றைக்கும் பலருக்கு நினைவுக்கு வருவது வசியம் செய்கிற ஆள்தான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒருவர் ஹிப்னாடிசத்துக்கு எந்த அளவுக்கு ஆட்படுகிறார் என்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்ஸென்ஹோஃபரும் எர்னஸ்ட் ஹில்கார்டும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதே ஆட்கள் 50 பேரை 25 ஆண்டு கழித்துத் திரும்பச் சோதித்தபோது மதிப்பெண் பெரிதாக மாறவில்லை என்று 1989இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படியானால் இது பிறவித் திறன்தானா? கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் மறுத்தார். ஆலோசனையைச் சும்மா கேட்டுக்கொண்டு இருக்காமல், அதில் சொல்வதை முனைந்து கற்பனை செய்யக் கற்றுக்கொடுத்தால் மதிப்பெண் உயர்கிறது என்று காட்டினார். உயர்ந்தது திறனா, ஆய்வாளரைத் திருப்திப்படுத்தும் இணக்கமா என்ற சர்ச்சை ஓயவில்லை. குரல் வளம் எல்லாருக்கும் ஒன்றாக அமைவதில்லை என்பதும், சாதகம் செய்யாத குரல் மேடை ஏறாது என்பதும் சேர்ந்தே உண்மையாக இருப்பது போலத்தான் இதுவும்.

நோயாளிகளிடம் கிடைத்த விளைவு இன்னும் தெளிவானது. 1984இல் மான்செஸ்டரைச் சேர்ந்த பீட்டர் வார்வெல் குழுவினர், குடல் எரிச்சல் நோயால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டு, வேறு மருத்துவம் எதுவும் பலிக்காத 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப்பேருக்கு ஹிப்னோதெரபி, மறுபாதிக்கு உளவியல் ஆலோசனையும் மருந்துபோல் தோன்றும் வெறும் மாத்திரையும். ஹிப்னோதெரபி பெற்றவர்கள் தெளிவாகத் தேறினார்கள் என்று ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அவர்கள் மருத்துவரோடு இருந்தது சில அரைமணி நேரங்கள்தான். மீதி நாள்களில் கையில் கொடுத்த ஒலிநாடாவைப் போட்டு வீட்டில் தாங்களே பயிற்சி செய்தார்கள். ஹூக்ளியில் உதவியாளர்கள் சுமந்த உழைப்பு இங்கே நோயாளியின் வீட்டுக்கு இடம் மாறிவிட்டது.

பட்டாசுப் பகுதிக்கு இது ஏன் முக்கியம்? 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த பட்டாசுத் தொழில் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டது, தீக்காயத்தையும் கொண்டுவந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். செய்தித்தாள் இறந்தவர்களை எண்ணுகிறது. பிழைத்தவர்களின் வேதனை அதன்பிறகுதான் தொடங்குகிறது. தீக்காயத்தில் சும்மா கிடக்கும்போது இருக்கும் வலி ஒன்று. கட்டுப் பிரித்து, புண்ணைக் கழுவி, இறந்த தோலை எடுத்து மறுபடி கட்டும்போது வரும் வலி இன்னொன்று. அது வாரக்கணக்கில் நீளும். நாளைக் காலை மறுபடி வரும் என்று தெரிந்தே அந்த வலிக்காகக் காத்திருப்பது, தூக்கத்தையும் பசியையும் தின்றுவிடுகிறது.

சியாட்டிலில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் டேவிட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் சரியாக இந்த இடத்தில்தான் வேலை செய்தார். கட்டு மாற்றுவதற்கு முன்பே நோயாளியோடு உட்கார்ந்து மனத்தை அமைதிப்படுத்தப் பழக்குவார். பிறகு செவிலியர் கட்டைப் பிரிக்கும் முன் தோளைத் தொடுவார். அந்தத் தொடுகையே பழகிய அமைதிக்குத் திரும்பச் சொல்லும் குறிப்பு. 1992இல் அவர் குழு 30 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், வழக்கமான வலிமருந்தோடு இதையும் பெற்றவர்களுக்கு வலி மற்றவர்களைவிடக் குறைந்தது. பின்னால் செய்த ஆய்வில், தொடக்கத்திலேயே வலி மிக அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதல் என்று தெரிந்தது. வலி தாங்க முடியாதவரே முழுமனத்தோடு பயில்கிறார் என்று இதற்குக் காரணம் சொல்லத் தோன்றுகிறது. நியூ ஆர்லியன்ஸில் டாப்னி யூவின், தீப்பட்ட சில மணி நேரத்துக்குள் குளிர்ச்சியை நினைக்கச் செய்தால் காயமே ஆழமாகாது என்றும் வாதாடினார். அதற்குச் சான்று போதாது. வலியைப் பொறுத்தவரை சான்று அதைவிட வலுவானது. மார்ஃபினுக்கு மாற்றாக இதை யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மருந்து கொடுத்தபிறகும் மிஞ்சும் வலியில் நோயாளி தன் கையால் செய்துகொள்ளக்கூடிய ஒன்று இது.

இந்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் வெளியிட்ட உத்தரவு, உரிய பயிற்சி பெற்றவர்கள் ஹிப்னோதெரபி செய்யலாம் என்கிறது. ஒரே அமர்வில் குடியை விடவைப்பேன், பயத்தைப் போக்குவேன் என்று பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘வீட்டுக்குப் போய் நான் தினமும் என்ன செய்ய வேண்டும்?’ பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிவகாசி அரசு மருத்துவமனைக்கும் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கும் இந்த வட்டாரத்திலிருந்து தீக்காயத்தோடு போகிறவர்களின் வரிசை நின்றபாடில்லை. ஆலையில் விபத்து நடக்காமல் தடுப்பதே முதல் கடமை. அதற்கு ஈடாக எந்த மனப்பயிற்சியையும் காட்டிவிட முடியாது. அந்தக் கடமையில் தவறி ஒருவர் வெந்து வந்துவிட்டால், கட்டுப் பிரிக்கும் செவிலியருக்கு இந்த முறை தெரிந்திருக்க வேண்டும். அதிகச் செலவு பிடிக்காத காரியம் இது. சில வாரப் பயிற்சியும், நோயாளியோடு தினமும் ஒரு கால் மணி நேரமும் ஒதுக்கினால் போதும். மருத்துவக் கல்லூரியும் மாவட்ட நிர்வாகமும், இந்தத் தொழிலில் சம்பாதித்த ஆலை உரிமையாளர்களும் சேர்ந்து இதைத் தொடங்க வேண்டும்.